சிஸ்பாராவின் ஹாலி மரத்தைத் தேடுங்கள்: இரு மாநில வனத்துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்நாடு, கேரள வனத்துறைகளின் உயர் அலுவலர்களுக்கும், கோயம்புத்தூரில் இயங்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென் மண்டல மைய அறிஞர்களுக்கும்,

வணக்கம்.

நீலகிரியின் மேற்கு விளிம்பில், முக்கூர்த்தி தேசியப் பூங்காவும் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவும் ஒன்றையொன்று தொடும் சிஸ்பாரா கணவாய்ப் பகுதியிலிருந்து தாவரவியலுக்கு அறிமுகமான ஒரு மரத்தைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். இலெக்ஸ் கார்ட்னேரியானா என்பது அதன் அறிவியல் பெயர். ஹாலி எனப்படும் மரப் பேரினத்தைச் சேர்ந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 1998ஆம் ஆண்டு இம்மரம் அற்றுப்போன இனமாகப் பதிவானது. ஒரு மரத்தின் மேல் இப்படியொரு முத்திரை விழுந்துவிட்டால் அதைத் தேடிப் போக யாருக்கும் காரணம் இருப்பதில்லை. நிதி ஒதுக்குவதற்கும், பணித் திட்டத்தில் ஒரு வரி சேர்ப்பதற்கும், காட்டுக்குள் செல்லும் வேட்டைத் தடுப்புக் காவலரிடம் ஒரு படத்தைக் கொடுத்து அனுப்புவதற்கும்கூடக் காரணம் இல்லாமல் போய்விடுகிறது. அதனால்தான் இந்த மடல். அந்த மரத்தை இரு மாநிலங்களும் சேர்ந்து முறையாகத் தேட வேண்டும் என்பதும், சோலைக் காடுகளில் இன்றும் உயிரோடு நிற்கும் அதன் உறவு மரங்களை மீட்புப் பணிகளின்போது அவற்றின் இயல்பறிந்து காக்க வேண்டும் என்பதுமே என் வேண்டுகோள்.

ஹாலிப் பேரினத்தில் உலகெங்கும் 600க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் முள் விளிம்பு இலைகளோடும் சிவந்த கனிகளோடும் காணப்படும் ஐரோப்பிய ஹாலியை மட்டுமே நம்மில் பலர் அறிந்திருப்பதால், இது குளிர்நாட்டு மரம் என்ற எண்ணம் பரவிவிட்டது. உண்மையில் இப்பேரினத்தின் இனங்களில் பெரும்பாலானவை வெப்பமண்டலத்திலும் அதை ஒட்டிய நிலப்பகுதிகளிலும், குறிப்பாக மழையும் மூடுபனியும் மிகுந்த மலைக் காடுகளில் வாழ்கின்றன. தென் அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் அன்றாடம் அருந்தும் மாத்தே என்ற பானம் இப்பேரினத்து மரம் ஒன்றின் இலையிலிருந்துதான் தயாராகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரச் சோலைகளில் இலெக்ஸ் வைட்டியானா, இலெக்ஸ் டென்டிகுலாட்டா ஆகிய இரண்டும் பரவலாக நிற்கின்றன. முதலாவதை வெள்ளோடை என்ற பெயரிலும் வழங்குகிறார்கள். இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிக் காடுகளில் இலெக்ஸ் வாக்கரி என்ற உறவு மரம் வாழ்கிறது. இவை எவற்றையும் காண வருவோர் நின்று பார்ப்பதில்லை. காட்டுப் பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரானைப் போல மலைச்சரிவையே சிவக்க வைக்கும் பூ இவற்றுக்கு இல்லை. தேக்கையும் ஈட்டியையும் போலச் சந்தை மதிப்பும் இல்லை. காட்டைப் பற்றிய நம் அக்கறை பெரும்பாலும் விலங்குகளோடும், கண்ணைப் பறிக்கும் சில மலர்களோடும் நின்றுவிடுகிறது என்பதற்கு ஹாலி மரங்களைக் காட்டிலும் நல்ல சான்று தேவையில்லை.

சோலையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்த மடலைப் படிக்கும் பொதுமக்களுக்காகச் சில வரிகள் எழுதுகிறேன். நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளின் உச்சிப் பரப்பில் பரந்த புல்வெளிகளுக்கு இடையே, நீர் ஓடும் மடிப்புகளிலும் காற்றுக்கு ஒதுக்கமான பள்ளங்களிலும் மட்டும் அடர்ந்து நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காடே சோலை. தடித்த சிறு இலைகள், பாசியும் மரக்காளானும் போர்த்திய கிளைகள், ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டது போன்ற கவிகை, தளிர்க்கும் பருவத்தில் செம்பும் இளஞ்சிவப்புமாக மாறும் முகடு ஆகியவை அதன் அடையாளங்கள். சோலையின் விளிம்பைத் தாண்டிப் புல்வெளியில் விழும் விதை முளைத்தாலும், டிசம்பர், ஜனவரி மாதத்து உறைபனி இளங்கன்றைக் கருக்கிவிடுகிறது. அதற்குத் தப்பியது காற்றிலும் தீயிலும் போய்விடுகிறது. ஆகவே சோலை மரம் ஒன்றுக்குத் தன் சோலைக்கு வெளியே இடமில்லை. ஒரு சோலை அழிந்தால் அதில் மட்டுமே இருந்த இனம் அடுத்த மலைக்கு நகர்ந்து பிழைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஹாலி மரங்களுக்கு இத்தோடு இன்னொரு நெருக்கடியும் உண்டு. இவற்றில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூத்திருக்கும் கிளை ஒன்றைக் கையில் எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இது தெளிவாகப் புலப்படும். இலைக்கக்கத்தில் சிறு கொத்தாக, மிளகுப் பருமனில் வெள்ளைப் பூக்கள் இருக்கும். பெண் பூவின் நடுவே பச்சை நிறத்தில் உருண்டைச் சூலகம் பூவின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சூல் தண்டு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல், சூல்முடி அதன் தலைமேலேயே தட்டையாக ஒட்டியிருக்கும். சுற்றிலும் மகரந்தத் தாள்கள் இருந்தாலும் அவற்றின் பைகளில் மகரந்தம் இருக்காது. ஆண் பூவில் தாள்கள் நிமிர்ந்து மஞ்சள் தூள் சுமந்து நிற்க, நடுவில் சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் வளர்ச்சியற்ற ஒரு சிறு மேடு மட்டுமே இருக்கும். இரண்டும் தொலைவிலிருந்து ஒரே பூவாகத் தெரியும். அவசரமாகக் கணக்கெடுக்கும் கண்ணுக்கு இரண்டும் 'ஒரு மரம், ஒரு மரம்' என்றே பதிவாகும்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஓர் ஒதுங்கிய சோலையில் ஹாலி மரங்கள் பத்து நிற்கின்றன என்று பதிவேடு சொல்லலாம். அவற்றில் ஒன்பது ஆணாக இருந்தால் அந்தச் சோலையின் வருங்காலம் ஒரே ஒரு பெண் மரத்தின் கையில் இருக்கிறது. பெண் மரங்களே எஞ்சி, பூச்சிகள் பறந்து வரும் தொலைவுக்குள் ஆண் மரம் இல்லாவிட்டால், அவை பல பத்தாண்டுகள் பசுமையாக நின்று, ஆண்டுதோறும் பூத்து, வளமான விதை ஒன்றைக்கூடத் தராமலே பட்டுப்போகும். வெளிப்பார்வைக்குக் காடு நலமாக இருப்பதாகவே தோன்றும்.

இப்போது சிஸ்பாரா மரத்துக்கு வருகிறேன். அதற்குப் பெயரிட்டவர் ராபர்ட் வைட். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்து, கோவையில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் சோதனைப் பண்ணைகளுக்கும் பொறுப்பேற்றிருந்து, 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாகத் தென்னிந்தியத் தாவரப் படங்களை வெளியிட்டவர். ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்களின் கைவண்ணத்தால்தான் அப்படங்களின் துல்லியம் இன்றும் பேசப்படுகிறது. மரத்தின் பெயரில் நிற்கும் கார்ட்னர் ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் கார்ட்னர். பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த அவர் 1845இல் நீலகிரிக்கு வந்து செடிகளைச் சேகரித்தார். 1849இல் நுவரெலியாவில் காலமானார்.

இந்தக் கார்ட்னர் இலங்கைக்கு வருவதற்கு முன் 1836 முதல் 1841 வரை பிரேசிலில் அலைந்து செடி சேகரித்தவர். 1838இல் அவர் பெர்னாம்புகோ மாநிலத்தில் சேகரித்த ஒரு ஹாலி மரம் பின்னாளில் இலெக்ஸ் சாபியிஃபார்மிஸ் என்ற பெயரைப் பெற்றது. அதன் பின் நெடுங்காலம் அந்த மரத்தை உயிரோடு கண்டதாக அறிவியலில் உறுதியான பதிவு இல்லை. ஏறத்தாழ 185 ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச் மாதம், பிரேசில் தாவரவியலாளர் குழு ஒன்று அதற்கென்றே புறப்பட்டுச் சென்று, ரெசிஃபே பெருநகரை ஒட்டிய இகராசு என்ற ஊரில் நான்கு மரங்களைக் கண்டுபிடித்தது. மனிதர் காலடி படாத காட்டில் அவை கிடைக்கவில்லை. கரும்பு வயல்களும் குடியிருப்புகளும் சூழ எஞ்சிய அட்லாண்டிக் காட்டின் துண்டு ஒன்றில், சிறிய தடுப்பணையின் ஓரத்தில், அந்த மரங்கள் நின்றன. சிறு வெள்ளைப் பூக்களே அவற்றைக் காட்டிக்கொடுத்தன. காட்டின் பெரும்பகுதி கரும்புக்குப் பலியாகிவிட்ட ஒரு கடற்கரை மாநிலத்தில், நகரத்தின் வாசலில், ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் ஒரு மரம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது என்றால், பெருமழையும் செங்குத்துச் சரிவுகளும் காவலும் சூழ்ந்த சிஸ்பாராவில் இன்னொரு ஹாலி மரம் இல்லவே இல்லை என்று தேடாமலே எப்படி முடிவு கட்ட முடியும்?

சிஸ்பாராவின் சூழலும் தேடலுக்குச் சாதகமாகவே இருக்கிறது. கோழிக்கோட்டுக் கரையிலிருந்து நீலகிரிக்கு ஏறுவதற்காக ஆங்கிலேயர் காலத்தில் அமைத்த மலைப்பாதை அந்தக் கணவாய் வழியாகத்தான் சென்றது. வைட் காலத்துத் தாவரவியலாளர்கள் அங்கே சேகரிக்க முடிந்ததற்கு அந்தப் பாதையே காரணம். கடும் மழையும் பராமரிப்புச் சிரமமும் பாதையைக் கைவிட வைத்தன. பின்னர் போக்குவரத்து குன்னூர், கூடலூர் வழிகளுக்கு மாறியது. பாதை மூடியதோடு சேகரிப்போரின் வருகையும் அருகிப்போனது. நெடுங்காலம் கண்ணில் படாத மரம் என்பதற்கும், நெடுங்காலம் யாரும் போய்ப் பார்க்காத இடம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் மனத்தில் வைத்தாக வேண்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மேட்டு நிலத்தில் தேயிலையும் உருளைக்கிழங்கும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் சீகை எனப்படும் வாட்டில் மரமும் சோலைகளையும் புல்வெளிகளையும் விழுங்கியபோது, மேற்கு விளிம்பின் செங்குத்துச் சோலைகள் பெரிதும் தப்பித்தன. 1984இல் சைலன்ட் வேலியும் 1990இல் முக்கூர்த்தியும் தேசியப் பூங்காக்களாயின. 2012இல் இப்பகுதி உலக இயற்கை மரபுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. சட்டப் பாதுகாப்பு முழுமையாக இருக்கிறது. இல்லாதது அந்த ஒரு மரத்தின் பெயரைச் சொல்லித் தேடும் பணி மட்டுமே.

அதேநேரம், காலம் நமக்காகக் காத்திருக்காது என்பதற்கும் அதே நிலம் சான்று சொல்கிறது. 2019 ஆகஸ்ட் மாதம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. சோலைகளும் புல்வெளிகளும் மலைச்சரிவோடு பெயர்ந்து ஓடைகளில் இறங்கின. ஓர் இனம் ஒன்றிரண்டு மடிப்புகளில் மட்டும் எஞ்சியிருந்தால், ஓர் இரவின் மண்சரிவு போதும் அதை உண்மையாகவே முடித்துவைக்க.

ஆகவே முதலில், இலெக்ஸ் கார்ட்னேரியானாவின் இன்றைய நிலை குறித்து உங்கள் மூன்று அமைப்புகளும் சேர்ந்து ஒரு தெளிவான அறிக்கையை மக்கள் முன் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஆய்வாளர்களோ களப் பணியாளர்களோ அதைக் கண்டு உறுதிசெய்த பதிவு கோப்புகளில் இருந்தால், அது கோப்புக்குள்ளேயே கிடக்கக் கூடாது. சிவப்புப் பட்டியலின் மதிப்பீட்டைத் திருத்துவதற்கு உரிய வழியில் அது போய்ச்சேர வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் தேடல் தொடங்கட்டும். 1998இல் உலக அளவில் ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே முயற்சியில் மதிப்பிட்டபோது எழுதப்பட்ட ஒரு வரியை, கால் நூற்றாண்டு கடந்த பிறகும் இறுதித் தீர்ப்பாக நாம் ஏற்றுக்கொண்டிருப்பது முறையாகாது.

தேடலைக் கோவையிலிருந்தே தொடங்கலாம். தென் மண்டல மையத்தின் ஹெர்பேரியத்தில், அதாவது உலர் தாவரக் காப்பகத்தில், உள்ள ஹாலி உலர் மாதிரிகளை எல்லாம், அவற்றின் மேல் எழுதியிருக்கும் பெயரை அப்படியே நம்பாமல், மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். வைட் சேகரித்த மூல மாதிரிகள் பிரிட்டன் ஹெர்பேரியங்களில் உள்ளன. எண்மப் படங்களாக இன்று கிடைப்பவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பெரும் செலவு பிடிக்கும் வேலை இல்லை. பூவும் காயும் இல்லாத கிளையை வைத்துக்கொண்டு ஹாலி இனங்களைப் பிரித்தறிவது தேர்ந்த தாவரவியலாளருக்கே கடினம் என்பதால், அருகிலுள்ள வேறொரு இனத்தின் பெயரில் இம்மரத்தின் கிளை ஏதேனும் அடுக்குக்குள் உறங்கிக்கொண்டிருக்கும் வாய்ப்பும் இருக்கிறது. உலகில் காணாமல்போன பல தாவரங்கள் முதலில் காகித உறைக்குள்தான் அகப்பட்டிருக்கின்றன.

அதன் பின் களம். பங்கித்தபால் ஓய்வு இல்லத்திலிருந்து சிஸ்பாரா வரையிலும், அங்கிருந்து கேரளப் பக்கம் வாலக்காடு இறங்கும் வழியிலும் உள்ள சோலைகளைப் பூக்கும் பருவத்தில் ஒரு முறையும் கனி பழுக்கும் பருவத்தில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். ஒரே பயணத்தில் முடித்துவிட்டு 'கிடைக்கவில்லை' என்று எழுதிவிடும் வேலையாக அது ஆகிவிடக் கூடாது. பூக்காலத்தில் ஆண் மரமும் பெண் மரமும் பிரித்தறியப்படும். கனிக்காலத்தில் கொத்துக் கொத்தான சிவந்த கனிகளைத் தேடி நீலகிரிக் காட்டுப்புறாவும் சின்னான்களும் கூடும் மரங்கள் தாமே கண்ணில் படும். மாநில எல்லை என்பது வரைபடத்தில் உள்ள கோடு. சிஸ்பாராவில் அது ஒரு சோலையின் இடையே போகலாம். ஒரு மாநிலக் குழு எல்லைக் கல்லோடு திரும்பிவிட்டால், தேடப்படும் மரம் அடுத்த சரிவிலேயே நின்றாலும் பதிவாகாது. அனுமதிக் கடிதங்கள் இரு தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகங்களுக்கும் இடையே மாதக்கணக்கில் அலைவதற்குள் பருவம் கடந்துவிடும் என்பதால், தொடக்கத்திலேயே கூட்டு அனுமதி ஒன்றை வழங்கிவிடுவது நல்லது.

இதற்கென்று புதிதாக ஒரு பெரிய ஏற்பாடு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வரையாட்டைக் காக்கத் தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாயில் தனித் திட்டமே வகுத்திருக்கிறது. மனமாரப் பாராட்ட வேண்டிய முயற்சி அது. 2024இல் தமிழ்நாட்டில் ஒரே நேரக் கணக்கெடுப்பு நடந்தது. 2025இல் கேரளமும் தமிழ்நாடும் இணைந்தே எண்ணின. அந்தக் கணக்கெடுப்புக் குழுக்கள் நடக்கும் நிலமும் இம்மரத்தின் நிலமும் ஒன்றே. பாறை விளிம்புகளில் வரையாட்டைத் தேடும் அதே கால்கள் சோலை விளிம்பைக் கடந்துதான் போகின்றன. குழுவுக்கு ஒரு தாவரவியல் மாணவரைச் சேர்த்து அனுப்புவது, ஹாலி மரங்களின் படங்கள் அச்சிட்ட ஓர் அட்டையைக் காவலர்களிடம் தருவது, கண்டால் இலையும் பூவும் தெரியப் படமெடுத்து இடத்தைக் குறித்து வரச் சொல்வது ஆகியவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம். வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் பழங்குடியினர். எந்தச் சோலையில் எந்த மரம் எந்த மாதம் பழுக்கும், எந்தப் பழத்துக்கு எந்தப் பறவை வரும் என்பதெல்லாம் அவர்களுக்குப் படிக்காமலே தெரியும். அவர்களை வழித்துணையாக மட்டும் அழைத்துச் செல்லாமல், அவர்கள் சொல்வதைப் பதிவேட்டில் ஏற்றி, கண்டுபிடிப்பில் அவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று தனியே வலியுறுத்துகிறேன்.

மரம் கிடைத்தால் செய்தியை உலகறியச் சொல்லுங்கள். இடத்தின் துல்லியக் குறியீட்டை மட்டும் துறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அபூர்வத் தாவரத்தின் இருப்பிடம் வெளியானவுடன் அதைப் பார்க்கவும் பறிக்கவும் கூட்டம் சேர்ந்துவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

இனி உயிரோடு இருக்கும் ஹாலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்; ஒருவகையில் இதுவே இந்த மடலின் அவசரமான பகுதி. அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்கத் தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கை வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் இப்பணியைத் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது. சீகை மரம் நீலகிரியின் புல்வெளிகளுக்கு இழைத்த கேட்டைக் கண்ணால் பார்த்து வாழ்கிறவன் என்ற முறையில் இக்கொள்கையை முழு மனத்தோடு வரவேற்கிறேன். தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கை இழை ஆலைக்கு வேண்டிய கூழுக்காகவும் விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நடப்பட்ட மரங்கள், தேவை தீர்ந்த பிறகும் தாமாகப் பரவிக்கொண்டே இருக்கின்றன. மண்ணுக்குள் கிடக்கும் சீகை விதை பல பத்தாண்டுகள் முளைப்புத் திறனோடு இருக்கும். மரத்தை வெட்டி வெயில் படவிட்டால் அத்தனையும் ஒரே மழையில் முளைத்து நிற்கும்.

ஆனால் சீகைத் தோப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை என்பதையும் உங்கள் களப் பணியாளர்கள் அறிவார்கள். புல்வெளியின் நடுவே எழுந்த தோப்பு ஒரு வகை. அதை அகற்றிப் புல்லை மீட்பதே சரி. பழைய சோலையை ஒட்டிய, பல பத்தாண்டுகள் முதிர்ந்த தோப்பு வேறு வகை. அங்கே சீகையின் நிழல் உறைபனியைத் தடுப்பதால், பறவை எச்சத்தில் விழுந்த சோலை விதைகள் முளைத்து, இடுப்பளவும் ஆளுயரமுமாக இளமரங்கள் வளர்ந்து நிற்கின்றன. பறவைகள் பரப்பும் கனி மரங்கள் என்பதால் ஹாலிகளுக்கும் இப்படித் தம் எல்லையை விரித்துக்கொள்ளக் கிடைக்கும் அரிய வாய்ப்பு இது. அத்தகைய இடத்தில் பொக்லைன் இயந்திரத்தை இறக்கி ஒட்டுமொத்தமாகச் சாய்த்தால், சீகையோடு சோலையின் அடுத்த தலைமுறையும் மண்ணோடு அரைபட்டுப் போகும். மறு ஆண்டு அங்கே எழுவது மீண்டும் சீகையாகத்தான் இருக்கும். வெட்டுவதற்கு முன் அந்த இளமரங்களை எண்ணி, துணி கட்டி அடையாளமிட்டு, சீகையைப் படிப்படியாக, கையால், பட்டையுரித்தோ சில மரங்களாக வெட்டியோ குறைக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனை எழுத்தில் இருந்தால்தான் களத்தில் நடக்கும். டன் கணக்கில் வெட்டியதற்கு மட்டுமே பணம் என்று இருக்கும்வரை, அடியில் நிற்கும் ஒரு முழ உயர வெள்ளோடைக் கன்றுக்காக எந்த ஒப்பந்தக்காரரும் இயந்திரத்தை நிறுத்தப்போவதில்லை.

நாற்றங்கால்களிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. சோலை மர நாற்றுகள் என்று வளர்க்கப்படும் பட்டியலில் எளிதில் முளைக்கும், வேகமாக வளரும் சில மரங்களே மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. ஹாலி விதையோ பொறுமையைச் சோதிப்பது. கனி பழுத்து உதிரும்போதுகூட விதைக்குள் இருக்கும் கரு முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை; ஈர மண்ணில் கிடந்து அது வளர்ந்து முளைவிட மாதக்கணக்கில், சில இனங்களில் ஆண்டுக்கும் மேலாகக்கூட ஆகிறது. ஒரு நிதியாண்டுக்குள் இத்தனை லட்சம் நாற்று என்று இலக்கு வைக்கும் முறையில், முளைக்காத பாத்தியை இரண்டாம் மாதமே கிளறிவிட்டு வேறொன்றை விதைத்துவிடுவார்கள். நாற்றுகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் இனங்களின் எண்ணிக்கைக்கு மதிப்பளித்து, மெதுவாக முளைக்கும் சோலை மரங்களுக்கென்று மூன்று ஆண்டுக் கணக்கில் இயங்கும் தனிப் பாத்திகளை ஒதுக்க வேண்டும். விதையை ஒரே தாய் மரத்திலிருந்து அள்ளிக்கொண்டு வராமல் பல பெண் மரங்களிலிருந்து சேகரிக்க வேண்டும். நடும்போது ஒரு மடிப்புக்கு ஒன்றிரண்டு என்று சிதறவிடாமல் கூட்டமாக நட்டால்தான் ஆணும் பெண்ணும் அருகருகே அமையும். இளங்கன்று ஆணா பெண்ணா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது என்பதால் இதற்கு வேறு வழியில்லை. வேர்விடும் குச்சிகளைக் கொண்டு வளர்க்க முயன்றால், அது ஆண் மரத்தின் குச்சியா, பெண் மரத்தின் குச்சியா என்பதை முதல் நாளே குறித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சரிவு முழுவதையும் ஆண் மரங்களால் நிரப்பிவிட்டு, இருபது ஆண்டுகள் கழித்துக் கனி ஏன் வரவில்லை என்று வியந்து நிற்போம்.

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாத ஆசைகள் இல்லை. கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை 116 ஹெக்டேர் மட்டுமே. ஊரும் தேயிலையும் நெருக்கும் நிலையிலும் அது நிலைத்து, 2024இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது என்றால், உள்ளூர் மக்களும் உங்கள் துறையும் கைகோத்துப் பல ஆண்டுகள் பாடுபட்டதே காரணம். சுற்றியுள்ள ஊர்களின் நீர் ஊற்றைக் காப்பது அந்தச் சோலை என்பதைப் புரிந்துகொண்ட மக்கள், அதன் உள்ளிருக்கும் ஒவ்வொரு மரத்தின் பெயரையும் கற்றுக்கொள்ள ஆர்வமாக இருக்கிறார்கள். நீலகிரியின் பள்ளி, கல்லூரி மாணவர்களைக் கொண்டு இத்தகைய எட்டிப்போகக்கூடிய சோலைகளில் ஹாலி மரங்களை ஆண், பெண் எனப் பிரித்து ஒரு பதிவேடு தொடங்கலாம். எப்போது பூக்கிறது, எத்தனை கனி பிடிக்கிறது, எந்தப் பறவை உண்கிறது, அடியில் கன்று முளைக்கிறதா என்று ஆண்டுதோறும் குறித்து வந்தால், ஐந்தாறு ஆண்டுகளில் இம்மரங்களைப் பற்றி இதுவரை தமிழில் எங்குமே இல்லாத அறிவு சேர்ந்துவிடும். சிஸ்பாராவில் தேடப் போகும் குழுவுக்கும் வெள்ளோடையை நன்றாகத் தெரிந்த கண்களே வேண்டும். தெரிந்த மரத்தை ஐயமின்றி ஒதுக்கத் தெரிந்தவருக்குத்தான் தெரியாத மரம் தனித்துத் தெரியும்.

நிறைவாக ஒரு கோரிக்கையை உங்கள் உடனடி முடிவுக்கு விடுகிறேன். அடுத்த வரையாட்டுக் கணக்கெடுப்புக்கான படிவங்கள் அச்சுக்குப் போவதற்கு முன், முக்கூர்த்தி, சைலன்ட் வேலி பகுதிக் குழுக்களின் படிவத்தில் 'ஹாலி மரங்கள்: இடம், பூ அல்லது கனி, படம் எடுக்கப்பட்டதா' என்று ஒரு கட்டம் சேர்க்க ஆணையிடுங்கள். கோவை மையத்திலிருந்து ஓர் ஆய்வாளரைக் கணக்கெடுப்புக்கு முந்தைய பயிற்சி வகுப்புக்கு அழைத்து, காவலர்களுக்கு ஹாலிக் கிளை ஒன்றை நேரில் காட்டச் சொல்லுங்கள். வரும் படங்களை மூன்று மாதத்துக்குள் பரிசீலித்து, கிடைத்தது எது, கிடைக்காதது எது, எந்தச் சோலைகளைப் பார்த்தோம், எவற்றுக்குப் போக முடியவில்லை என்பதை இரு மாநிலத் துறைகளின் இணையதளங்களிலும் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரியில் வாழும், சோலைகளின் மேல் பற்றுள்ள ஒரு குடிமகன்